நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட டிஸ்க் பிரேக்

பிரேக் பிடிக்காமல் போன வண்டியைப் பற்றி ஊருக்கு ஊர் கதை உண்டு. பிரேக் பிடித்து, பிடித்தபடியே நின்றுபோன வண்டியைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. அதில் வீரம் கிடையாது, மானம் போவது மட்டும்தான். என் கதை இந்த இரண்டாவது வகை. அதுவும் என்னுடைய நிச்சயதார்த்தத்தன்று நடந்தது.

வில்லியனூரில் எங்களுக்குப் பாத்திரக்கடை. அண்டா, குண்டான் பற்றி என்ன கேட்டாலும் சொல்வேன். வண்டியைப் பற்றி எனக்கு இருந்தது அறிவு இல்லை, திமிர். அப்பா விட்டுப்போன வெள்ளைக் கார் ஒன்று உண்டு. அதற்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். மிதித்தால் யோசித்து நிற்கும்.

கரையாம்புத்தூரில் கவிதாவைப் பெண் பார்க்கப் போனது அந்தக் காரில்தான். அவள் கணக்கு டீச்சர். காபியை நீட்டும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தோடு நான் ஆள் காலி. ஆனால் அவளுடைய அத்தை வேறொரு மாப்பிள்ளையை மனதில் வைத்திருந்தார். உரக்கடை வைத்திருக்கும் அவள் அப்பாவோ என் காரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "வண்டி அழகாத்தான் கீது தம்பி, நிக்குமா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. நிச்சயதார்த்தத்துக்குள் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். பின்னால் டிரம் அப்படியே இருக்கட்டும். கைபேசியில் ஒருவர் இதையே செய்து வீடியோ போட்டிருந்தார். வேறொரு காரில் கழற்றிய டிஸ்க் சாமான்களை வாங்கி வந்து, அம்மாவின் தம்பி சேகர் மாமாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தேன். (மெக்கானிக்கிடம் போயிருக்கலாமே என்கிறீர்களா? திமிர் என்று மேலே எழுதியிருக்கிறேன்.)

கடைசியில் பிரேக் எண்ணெய்க் குழாயிலிருக்கும் காற்றை எடுக்க வேண்டும். மாமா உள்ளே உட்கார்ந்து மிதிக்க, நான் சக்கரத்தடியில் கிடந்தேன்.

"மிதி மாமா!"

"மிதிச்சிட்டேன்டா!"

"வுடு!"

"எத்த வுட? நீதான மிதின்ன?"

தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தோம். தொட்டதும் வண்டி ஆணியடித்த மாதிரி நின்றது. மாமாவின் மூக்கு முன்கண்ணாடியில் பதிந்தது. மூக்கைத் தடவிக்கொண்டே, "சூப்பர் மாப்ள" என்றார்.

நிச்சயதார்த்தத்தன்று சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். சீர்தட்டுகள் முழுக்க என் காரில். பின்சீட்டில் அம்மா, மடியில் லட்டுத்தட்டு. மாமா பைக்கில் கூடவே வந்தார். ராகு காலத்துக்கு முன்னால் தட்டு மாற்ற வேண்டும். நிறைய நேரம் இருந்தது. வழியில் ஆடு வந்தால் பிரேக், மாடு வந்தால் பிரேக், ஒன்றும் வராவிட்டாலும் ஆசைக்கு ஒரு பிரேக்.

ஏம்பலம் தாண்டியதும் வண்டி கனக்க ஆரம்பித்தது. கியரைக் குறைத்தேன், இன்ஜின் முக்கி முனகியது. வயலோரமாக ஒரு இடத்தில் தானே நின்றது. முன்சக்கரம் இரண்டிலும் புகை.

"இன்னாடா கண்ணு, பொகையுது? யாரு கண்ணு பட்டுச்சோ! சகுனம் செரியில்ல, வூட்டுக்குத் திரும்பிடலாம்" என்றாள் அம்மா.

திரும்புவதற்கும் சக்கரம் சுற்ற வேண்டுமே. வேனைத் திரும்பக் கூப்பிடலாம் என்றார் மாமா. பெண் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்குப் பதிலாக வேனில் போய் இறங்குவதா? செத்தாலும் மாட்டேன் என்றேன். நேரம் ஓடியது. அத்தையின் முகம் கண்ணுக்குள் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வீடியோவை மறுபடி போட்டேன். சேனலில் சேரச் சொல்லும் இடத்தில் எல்லோரையும் போல நானும் முன்பு வீடியோவை மூடியிருந்தேன். மனிதர் அதற்குப் பிறகுதான் விஷயத்தையே சொல்லியிருக்கிறார். பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்ன வால்வு இருக்குமாம். மிதித்த எண்ணெயை முழுக்கத் திரும்ப விடாமல் கொஞ்சம் அழுத்தத்தைக் குழாயிலேயே பிடித்து வைக்குமாம். டிரம்முக்குள் பிரேக் கட்டையைத் திரும்ப இழுத்துவிட ஸ்பிரிங் உண்டு, அது தாங்கும். டிஸ்க்குக்கு அது கிடையாது. கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருந்தாலும் கவ்விக்கொண்டு உரசி, சூடேறி, இன்னும் இறுகிவிடும். ஆகவே வால்வைக் கழற்ற மறக்காதீர்கள் நண்பர்களே, என்று சிரித்தார்.

ஸ்பேனரை எடுத்து முன்குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். எண்ணெய் பீய்ச்சி என் பட்டுச்சட்டையை நனைத்தது. சக்கரம் விட்டுக்கொடுத்தது. நட்டை இறுக்கினேன். இனி பிரேக்கை மிதிக்காதவரை வண்டி ஓடும். ஹேண்ட்பிரேக் பின்சக்கர டிரம்மில் மட்டும் பிடிக்கும், நிறுத்த அது போதும் என்று கணக்குப் போட்டேன். மாமா பைக்கில் முன்னால் போய், "ஒதுங்கு, ஒதுங்கு! மாப்ள பிரேக்கு போடமாட்டாரு!" என்று நெட்டப்பாக்கம் நெடுகக் கத்தினார். சனம் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து ஒதுங்கி நின்றது.

பந்தல் தெரிந்தது. இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டு வந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில் தாமதமாக இழுத்துவிட்டேன். வண்டி வழுக்கிக்கொண்டு போய், வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தைக் குலையோடு சாய்த்துவிட்டு நின்றது. பின்னாலிருந்து லட்டுகள் என் தோளைத் தாண்டி வந்தன.

மேளம் நின்றது. அத்தை நெஞ்சில் கை வைத்தார். "அபசகுனம்! குல தள்ளுன மரம் சாஞ்சிடுச்சி. இந்தச் சம்மந்தம் வாணாம்." கூட்டத்தில் சில தலைகள் ஆடின. எண்ணெய்ச் சட்டையோடு இறங்கி நின்ற எனக்கு, எல்லாம் முடிந்தது என்றே பட்டது.

"தம்பி, பிரேக்கு போட்டீங்களா இல்லியா?" என்றார் கவிதாவின் அப்பா.

"போட்டா நிக்கும் மாமா. அப்புறம் போவாது. அதான் ஏம்பலத்துலருந்து போடாமலே வந்தேன். திரும்பிப் போவ மனசு வரல."

உள்ளேயிருந்து கவிதா வாசலுக்கே வந்துவிட்டாள். "அத்தை, மரம் தானா சாஞ்சிருந்தா சகுனம். கார் இடிச்சி சாஞ்சா அது ஆக்சிடென்டு. ராகு காலம் வர்றதுக்குள்ள தட்டு மாத்துங்க" என்றாள். சொல்லிவிட்டு என் சட்டையைப் பார்த்துச் சிரித்தாள், பெண் பார்த்த அன்று சிரித்த அதே சிரிப்பு. கீழே உருண்ட லட்டு போக மிச்சமிருந்ததை அடுக்கித் தட்டு மாற்றினோம்.

மறுவாரமே அந்த வால்வைக் கழற்றிவிட்டேன். முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்முமாக அந்தக் கார் இன்றைக்கும் பிரமாதமாக நிற்கிறது. யார் நம்புகிறார்கள்? கவிதா வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் பந்தல்காரர் வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். மாமனார் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "மாப்ள வந்து வண்டிய நிறுத்திட்டாராபா? அப்பக் கட்டு."

போன மாதம் மைத்துனன் கல்யாணம். வம்பே வேண்டாம் என்று பஸ்ஸில் போய் இறங்கினேன். வாசலில் மரம் கட்டவில்லை, சுவரோரம் சாத்தியிருந்தது.

"நடந்துதான மாமா வர்றேன்?" என்றேன் மாமனாரிடம்.

"இருக்கட்டும் மாப்ள," என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். "நீங்க உள்ள போயி உக்காருங்க. அப்புறம் கட்டிக்கலாம்."