சிம்லா போன இட்லி மாவு

எனக்கு விஞ்ஞானம் வராது. பள்ளிக்கூடத்தில் வரவில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அதை நானே ஒப்புக்கொள்வதற்கு ஒரு வாளி இட்லி மாவும், சிம்லாவுக்கு ஒரு பயணமும் தேவைப்பட்டன.

முதலில் என் மாமனாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பாளையங்கோட்டைக்காரர். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவருடைய ஒரே மகள் கல்யாணத்துக்கு, டில்லியிலிருந்து கிளம்பிய நாங்கள் ஏழு மணி நேரம் தாமதமாகப் போய் இறங்கினோம். மாப்பிள்ளை அழைப்பு மாப்பிள்ளை இல்லாமலேயே நடந்து முடிந்திருந்தது. (ரயிலை நான் ஓட்டவில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் அந்த வீட்டில் எடுபடவில்லை.) அன்றிலிருந்து எட்டு வருடமாக அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை. நேராகப் பேசுவதும் கிடையாது. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "செல்வி, டெல்லிக்காரர் காப்பி குடிச்சிட்டாரான்னு கேளு" என்பார். செல்வி என் மனைவி. நானும், "குடிச்சாச்சுன்னு சொல்லு" என்பேன். மூன்றடி தூரத்துக்கு ஒரு தூதர் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினோம்.

ஒரு ஜூன் மாதம் அவர் முதல்முறையாக டில்லிக்கு வந்தார். சரோஜினி நகரில் எங்கள் அரசுக் குடியிருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கூலர் அனல் காற்றைத்தான் அள்ளி வீசியது. இரண்டாம் நாளே மனிதர் வாடிப்போனார். "ரெண்டு நாள் சிம்லா போயிட்டு வரலாம்" என்று நான் அறிவித்தேன்.

"செல்வி, அந்த ஊர்ல காலையில இட்லி கெடைக்குமான்னு கேளு. ஏழு மணிக்கு ரெண்டு இட்லி உள்ள போகலைன்னா எனக்கு அன்னைக்கு நாளே ஓடாது."

எட்டு வருடமாகக் காத்திருந்த வாய்ப்பு. "மாமா, சிம்லாவுலயும் காலைல ஏழு மணிக்கு உங்க தட்டுல இட்லி இருக்கும். என் பொறுப்பு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

இங்கேதான் என் விஞ்ஞானம் நுழைகிறது. டில்லியில் ஜனவரி மாதம் இட்லி மாவு புளிக்கவே புளிக்காது. அதனால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் மாவுப் பாத்திரத்துக்கு ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைப் போர்த்துவோம். ஸ்வெட்டர் மாட்டிவிடுவோம். (குளிரில் எனக்குக் கிடைக்காத கவனிப்பெல்லாம் அந்தப் பாத்திரத்துக்குக் கிடைக்கும்.) சிம்லா குளிர் பிரதேசம், ஆகவே மாவு புளிக்காது, ஆகவே கம்பளி சுற்ற வேண்டும். என் சிந்தனை இவ்வளவு தெளிவாகத்தான் ஓடியது. சிம்லாவுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அந்த மாவு ஜூன் மாதத்து வெயிலில்தான் பயணம் செய்யும் என்பது மட்டும் தோன்றவில்லை.

கம்பளிக்கும் பஞ்சமில்லை. மாமனாரிடம் ஒரு ஸ்வெட்டர்கூடக் கிடையாது என்று கேள்விப்பட்ட கீழ்வீட்டு மிஸஸ் சாவ்லா, தன் கணவருடைய கறுப்பு ஓவர்கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் கல்யாணத்துக்குத் தைத்ததாம். "சம்பால் கே ரக்னா, பேட்டா" என்றார். பத்திரமாக வைத்துக்கொள் என்று அர்த்தம். நானும் "ஜி ஆன்ட்டி, பில்குல்" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாரம் வாக்குகளைத் தாராளமாக வழங்கிக்கொண்டிருந்தேன்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிவந்த இட்லி அரிசியும் உளுந்தும் விடியற்காலையில் அரைபட்டன. "பாதி வாளிக்கு மேல ஊத்தாதீங்க, பொங்கும்" என்றாள் செல்வி. போகிற இடத்தில் குறைந்துவிடக் கூடாதே என்று கழுத்துவரை ஊற்றினேன். மூடியை இறுக்கிச் சணல் கயிற்றால் கட்டினேன். பிறகு வாளியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, மகளையும் சேர்த்து எங்கள் மூன்று பேருடைய கம்பளி உடைகளையும் அதைச் சுற்றிச் செருகி, மேலே அந்த ஓவர்கோட்டைப் போர்த்தி ஜிப்பை இழுத்தேன். பெட்டி எங்கள் கார் டிக்கிக்குள் போனது.

வழியில் முர்தல் என்ற ஊரில் பரோட்டா சாப்பிட நிறுத்தினோம். கார் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றது. அம்பாலா தாண்டியதும் மாமனார் மூக்கை உறிஞ்சினார்.

"செல்வி, ஒரு மாதிரி புளிச்ச வாட அடிக்கே. ஒனக்கு அடிக்கலையா?"

"அது வெளியிலேர்ந்து வருது மாமா" என்றேன்.

"அப்பா, கண்ணாடியெல்லாம் பந்த் பண்ணியிருக்கே!" என்றாள் ஆறு வயது மகள் நிலா. "ஸ்மெல் டிக்கி ஸே ஆ ரஹீ ஹை." வாடை டிக்கியிலிருந்து வருகிறதாம். இந்தப் பெண்ணுக்கு எப்போது வாய் திறக்க வேண்டும் என்று தெரியாது. அம்மா வழி.

மலை ஏற ஆரம்பித்துச் சில வளைவுகள் போயிருப்போம். பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். டயர் வெடித்துவிட்டது என்று காரை ஓரம் கட்டினேன். மாமனார் பார்க்கிறார் என்பதால், விஷயம் தெரிந்தவன் மாதிரி நான்கு டயரையும் உதைத்துப் பார்த்தேன். நான்கும் நன்றாக இருந்தன. ஸ்டெப்னியையும் பார்த்துவிடலாம் என்று டிக்கியைத் திறந்தேன்.

பெட்டியின் ஜிப் வாயைப் பிளந்திருந்தது. உள்ளேயிருந்து வெள்ளையாக, நுரைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் மாவு வந்துகொண்டிருந்தது. ஓவர்கோட்டின் ஒரு கை வெளியே தொங்கியது.

ஒரு நல்ல மனிதன் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் டிக்கியைச் சாத்திவிட்டு வந்து, "எல்லாம் டீக், சரியா இருக்கு" என்றேன். அந்தப் பொய்யோடு இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டினேன்.

சிம்லாவில் மழை. மழையோடு ஆலங்கட்டி. நாங்கள் தங்கவேண்டிய விடுதி வாசலில், அரைக்கைச் சட்டையும் வேட்டியுமாக மாமனார் இறங்கினார். பல் தந்தியடித்தது.

"செல்வி, அந்தக் கோட்டை எடுக்கச் சொல்லு."

இனித் தப்ப முடியாது. டிக்கியைத் திறந்தேன். செல்வி ஓவர்கோட்டை இரண்டு விரலால் தூக்கினாள். அதிலிருந்து ஒரு கரண்டி மாவு நிதானமாக வழிந்து கீழே விழுந்தது.

"ஜனவரில செய்யறத ஜூன்ல செஞ்சா என்ன ஆகும்னு நிலாட்ட கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பா" என்றாள்.

மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு வருடத்துக்கு முந்தைய ரயில் என் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த நிமிடம் எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

பனிக்கட்டித் தண்ணீரில் முடிந்தவரை அலசிப் பிழிந்தோம். புது ஸ்வெட்டர் வாங்கிவிடலாம் என்று, ஈரக் கோட்டை அவருக்கு மாட்டி மால் ரோடுக்குக் கிளம்பினோம். பாதி வழியில் ஒரு குரங்கு கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நக்க ஆரம்பித்தது. அதற்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. குரல் கொடுத்து இன்னும் மூன்றைக் கூப்பிட்டது.

"ஏ, போ அங்கிட்டு! போங்கேன்!" என்று மாமனார் விரட்டினார்.

"தாத்தா, அதுக்குத் தமிழ் ஆதா நஹீ, தெரியாது!" என்று கத்தினாள் நிலா.

நான் வீரமாக நடுவில் பாய்ந்தேன். ஒரு குரங்கு என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கூரை ஏறியது. கடைவரை போகாமலே திரும்பினோம். மாமனார் மூன்று ரஜாய்க்குள் புகுந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். வாளியின் அடியில் கொஞ்சம் மாவு மிச்சம் இருந்தது. கண்ணாடி இல்லாமல், விடுதிச் சமையலறையில் தடவித் தடவி, கையோடு கொண்டுவந்திருந்த இட்லிப் பானையை ஏற்றினேன். மலை ஊரில் எதுவும் சீக்கிரம் வேகாது என்ற விஞ்ஞானமும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆறே முக்காலுக்கும் குத்திய கரண்டிக் காம்பில் மாவு ஒட்டியது. அடுப்பையே பார்த்தபடி நின்றேன். ஒருவழியாக வெந்ததும் இறக்கித் தட்டில் வைத்து, பொடியைத் தூவி, அவர் கட்டிலுக்கு ஓடினேன்.

மாமனார் ரஜாயிலிருந்து ஒரு கையை வெளியே எடுத்தார். தட்டை வாங்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழு மணி" என்றார். பிறகு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். முகம் அஷ்டகோணலானது.

"புளிப்பு பல்லைக் கூசுது" என்றார். செல்வியைத் தேடாமல் நேராக என்னைப் பார்த்து, "ஆனா வண்டி டயத்துக்கு வந்துட்டு, மாப்பிள்ளை" என்றார்.

வாசலில் நின்ற செல்வி கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொடி காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

டில்லியில் அந்த ஓவர்கோட்டை இரண்டு முறை டிரை கிளீனிங் கொடுத்தும் வாடை போகவில்லை. மிஸஸ் சாவ்லா ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, "தும் ஹீ ரக் லோ" என்று, நீயே வைத்துக்கொள்ளும்படி திருப்பித் தந்துவிட்டார். இன்றைக்கும் அவர் வீட்டிலிருந்து எனக்கு ஒரு குடைகூட இரவல் கிடைக்காது.

கோட்டை மாமனார் ஊருக்கு எடுத்துப் போய்விட்டார். பாளையங்கோட்டை வெயிலில் அது கூடத்து ஆணியில் தொங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி கொடுப்பதற்கு முன்னால் அதைக் கழற்றி அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டுகிறார்.

"மோந்து பாருங்க. எங்க மாப்பிள்ளை அரைச்ச மாவு."