பாட்டுக்குள் புகுந்தவன்

“அத்தா, இன்னும் கேக்குது பாருங்க, கர்ர்ருன்னு!”

மகள் இஃப்பத் சொன்னதும் கிதர் முகம்மதுவுக்குப் பொறுக்கவில்லை. மௌத்தாகிப்போன மனைவி நஸீராவின் குரலென்று உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு தாலாட்டுதான். இஃப்பத் கைப்பிள்ளையாக இருந்தபோது அவள் பாடியதை, கொழுந்தியாள் சைதூன் டேப்பில் பிடித்து வைத்திருந்தாள். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அவள் பாடிய அன்றைக்கு இவர் தோல் மண்டியில் உப்புத் தடவிக்கொண்டிருந்தார். பொண்டாட்டி பாடி நேரில் கேட்காத பாவி என்று இன்றுவரை தன்னையே திட்டிக்கொள்கிற மனிதர்.

நாளை இஃப்பத் வேலைக்குச் சென்னை போகிறாள். அதற்குள் ஒரு தடவையாவது மகளோடு உட்கார்ந்து அதைச் சுத்தமாகக் கேட்டுவிட வேண்டும்.

“எல்லாம் ஜிட்டர் பண்ற வேலை,” என்றார். யூடியூபில் படித்த படிப்பு. “கம்ப்யூட்டர் அனுப்புற எண்ணையெல்லாம் இந்த டிஏசி பெட்டிதான் பாட்டா மாத்துது. எண்ணு முன்னப்பின்ன வந்து சேந்தா பாட்டு கலங்கிரும். யூஎஸ்பி வயரை மாத்துவோம்.”

மாற்றினார். கர்ர் இன்னும் தெளிவாகக் கேட்டது.

அடுத்து ஆப்டிகல் வயர். அதன் முனையில் சின்னதாய்ச் சிவப்பு வெளிச்சம். நாகல் நகர் மத்தியான வெயிலில் ஆட்டோ இரைச்சல்கூட எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. நஸீரா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாடினாள். அவள் வளையல்கூடக் கேட்டது. கிதருக்குக் கண் சொருகியது. இப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

“அத்தா, கர்ர்ருக்கு அப்பறம் இப்ப புஸ்ஸுன்னு வேற வருது.”

“அடச் சே!”

கோஆக்சியல் வயரைச் செருகினார். இப்போது கர்ர், புஸ், நடுவில் ஒரு சப்புக்கொட்டல். அம்புட்டும் பளிச்சென்று.

“எவன்டா இவன், என் பொண்டாட்டி பாட்டுக்குள்ள பூந்துக்கிட்டு!” கத்தியேவிட்டார்.

இஃப்பத் ஊருக்குக் கொண்டுபோகச் சமைத்த வெஞ்சனத்தோடு உள்ளே வந்த சைதூன், செத்த நேரம் காதைக் கொடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏன் மச்சான், ஒங்க குறட்டையை நீங்களே வையிறீங்க?”

“என் குறட்டையா? நான் அன்னைக்கு மண்டியிலல்ல இருந்தேன்!”

“மத்தியானம் வந்து விழுந்தது நெனப்பில்லையாக்கும்? உப்புக் கையைக்கூடக் கழுவாமப் பாயில சாஞ்ச ஆளு!”

கிதர் வயரைப் பிடித்தபடி நின்றார். “அப்ப நான் பக்கத்துலயே இருந்தேனா? அல்லா! புள்ளையைத் தூங்கவிடாமக் குறட்டையா விட்டேன்?”

“புள்ளை என் மடியில முழிச்சுக்கிட்டுல்ல கெடந்துச்சு. அக்கா பாடித் தூங்க வச்சது ஒங்களைத்தான் மச்சான்.”