ஹிஸ்டோனுக்கு ஒரு ஸ்குரூ டிரைவர்

பிள்ளைகளா, ஊறுகாய் பாட்டில் மூடி திறக்காவிட்டால் உங்கள் அம்மா, "அப்பாவைக் கூப்பிடு, ஸ்குரூ கழட்டுவாரு" என்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இன்றுவரை காரணம் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. தி.நகர் சந்தில் என் தையல் கடை. உங்கள் சித்தப்பா சேகர் இரத்தப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற மரபிழை நூல் மாதிரி, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிக் கிடக்கிறதாம். தளர்ந்த இடத்தில் எழுதியிருப்பதைச் செல் படிக்கும். இறுகிய இடத்தைப் படிக்க முடியாது. சேகரின் இரத்தச் செல்களில் 'வளர்ந்து பெரியவனாகு' என்று எழுதிய இடம் இறுகிவிட்டது. அதனால் அவை முதிராமலே பெருகிக்கொண்டு போகின்றன.

நூல், உருண்டை, இறுக்கம்! (பத்தாவது தேறாத எனக்குப் புரிந்த ஒரே விஞ்ஞானம்.) மறுநாள் தையல் மெஷினில் அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸும் ஸ்குரூ டிரைவருமாக வார்டுக்குப் போய்விட்டேன்.

"டாக்டரம்மா, நூல் இறுகினா இந்தக் குட்டி ஸ்குரூவைக் கால்வாசி திருப்பித் தளர்த்துவோம். அந்த ஹிஸ்டோன்ல இது எங்க இருக்குன்னு பாருங்க."

காட்டுகிற பதற்றத்தில் முழுதாகத் திருப்பிவிட்டேன். ஸ்குரூ தெறித்தது. பாபின் குதித்துக் கட்டில்களுக்கு அடியில் உருண்டது. சிவப்பு நூல் மருந்து வண்டியின் சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, வண்டி நின்றது. ஆயாம்மா திட்ட ஆரம்பித்தார். நான் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

சேகர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். "எனுக்கு ஒரு பேன்ட்டாவது தொளதொளன்னு தெச்சுக் குட்த்துக்கிறியாண்ணா? குந்தினா எய்ந்துக்க முடியாது. நீ இன்னா, என் செல்லுக்குள்ள பூந்து தளத்தப் போறியா?"

வார்டே சிரித்தது. அவனும் இருமல் வரும்வரை சிரித்தான்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பாபினை எடுத்து என் கையில் வைத்து, என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "அந்த ஸ்குரூவைத்தாங்க ஆராய்ச்சி பண்றவங்க எல்லாரும் தேடிட்டிருக்காங்க. உங்க தம்பிக்கு அது நேரத்துக்கு வராது."

பொங்கலுக்கு முன்பே சேகர் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மத்தியானம் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினேன். பொங்கலுக்காக அவனுக்குத் தைத்த பேன்ட் அலமாரியில் இருந்தது. இடுப்புத் தையலைப் பிரித்தேன். உள்ளே மடித்து விட்டிருந்த துணியையெல்லாம் வெளியே எடுத்து, நன்றாகத் தளர்த்தித் தைத்தேன். இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன்.