வரிக்குத் தப்பிய சோமசேகரத்தார்

வாழ்க்கையில் ஓர் ஆளையாவது வென்று காட்டுவதென்று சோமசேகரத்தார் முடிவெடுத்தார். அந்த ஆள் வருமானவரிக்காரன்.

பட்டினத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் அவர் தலைமைக் கிளாக்கர். பென்சன் எடுக்க இன்னும் பத்து மாதம். வருமானவரி இலங்கைக்கு வந்து நாலைந்து வருசந்தான். தன்னைத் தேடித்தான் அது கப்பலேறி வந்தது என்பது அவர் எண்ணம். கம்பனியின் பென்சன் நிதியில் சம்பளத்தை மேலதிகமாகக் கட்டினால் அந்தக் காசுக்கு வரி இல்லை என்று அறிந்ததும் துள்ளிக் குதித்தார். கட்டியதெல்லாம் கடைசியில் மொத்தமாக வரும். ஒரு மோட்டார்க் கார் வாங்கலாம். கார் விஷயத்தை மனைவி கனகாம்பிகைக்கு மூச்சுவிடவில்லை.

"இனி வீட்டுச் செலவுக்குப் பாதிதான் தருவன். மிச்சம் நிதிக்குப் போகுது."

"ஏனப்பா?"

"வரி குறையும். உமக்கு உது விளங்காது."

"ஓம், எனக்கு விளங்காது."

அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

இறைச்சி போய் மீன் வந்தது. மீன் போய் முருங்கையிலை வந்தது. முருங்கையிலை போகவேயில்லை. காரை நினைத்துக்கொண்டு மென்றார்.

நிதிக் காசை எடுப்பதற்கான கடைசிப் படிவத்தை நிரப்பும்போது கனகாம்பிகை கோப்பியோடு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு காசும் ஒரேயடியா உங்கடை பேரிலை வந்தால், அதுக்கும் வரி கேக்கமாட்டினமோ?"

பேனை நின்றுவிட்டது.

"எனக்கு உது விளங்காது. சும்மா கேட்டனான்."

அவருக்கு மூளை மின்னியது. "உம்மடை பேருக்கு எடுத்தால்? உமக்குத்தான் வருமானமே இல்லையே!"

"ஐயோ, எனக்கேன் காசு? நான் பாங்குச் செக்கைக் கண்ணாலை கண்டனானோ?"

"பேசாமல் கையெழுத்தை வையும்!"

அவர் அரைமணி நேரம் மன்றாடிய பிறகுதான் வைத்தாள்.

பிரியாவிடையன்று கம்பனியில் அவருக்கு மாலை போட்டார்கள். கணக்குக் கிளாக்கர் தேவராசா காதோடு கேட்டான்:

"ஐயா, காசை ஏன் அம்மாடை பேருக்கு எழுதினீங்கள்? மொத்தமா வாறதுக்கு வரியே இல்லையே!"

"என்ன?"

"செக் போன கிழமையே அம்மாவுக்கு அனுப்பியாச்சு."

கழுத்து மாலையோடு வீட்டுக்கு ஓடினார். வாசற்படலையில் கனகாம்பிகை மாட்டுவண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள், கையில் ஒரு சீப்புக் கதலிப்பழம்.

"அந்தச் செக்குக் காசிலை நீர்வேலியிலை வாழைத்தோட்டம் ஒண்டு வேண்டிப்போட்டன். ஆயிரம் வாழை, கிணத்தோடை. இண்டைக்குக் காணி உறுதி எழுதி முடிஞ்சுது."

"ஐயையோ! நான் ஒரு கார்..."

"உந்தக் கார்க் கதை எனக்கு ஆடி மாசமே தெரியும். இனிக் கந்தோர் வேலையும் இல்லை, காரிலை எங்கை போகப்போறியள்? உங்களுக்குத் தோட்டத்திலை ஒரு உத்தியோகம் பாத்து வைச்சிருக்கிறன். விடியப்பறம் நாலு மணிக்கு நிக்கவேணும்."

கனகாம்பிகை சீப்பில் ஒரு பழத்தைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன். இந்த உத்தியோகத்திலை பென்சன் எடுக்கேலாது."