சுதும சுது அண்ணனின் வலது கை

இரத்தினபுரி மாவட்டத்திலேயே கூச்சமில்லாத தொண்டை யாருக்கு என்று கேட்டால், சத்தியமாக எங்கள் சுதும சுது அண்ணனுக்குத்தான். லோன்றி என்கிற சலவைக் கடைகளுக்குத் துணி வெளுக்கும் மருந்து விற்கிற கம்பனியின் விளம்பரக்காரர். என் ஆட்டோவின் உச்சியில் ஒலிபெருக்கி கட்டி, "சுதும சுது! வெள்ளையோ வெள்ளை!" என்று சிங்களமும் தமிழுமாக அலறிக்கொண்டு றக்வானயிலிருந்து ஓப்பநாயக்க வரை வருவார். அவர் குடியிருக்கும் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், அவர் பெயரே அதுவாகிவிட்டது. சாவு வீட்டைக் கடக்கும்போது மட்டும் சத்தத்தைக் குறைப்பார். அங்கேயும் பிணத்தின் கோடித் துணியைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு வெள்ளையாடா?" என்பார்.

லோன்றிக்குள் நுழைந்தால் ஒரே வித்தைதான். வாளித் தண்ணீரில் மருந்தைக் கொட்டி, வெற்றிலைக் கறை பிடித்த துணியோடு வெறுங்கையையும் முக்குவார்.

"பாத்துக்கங்க மொதலாளி! கறை போகும், கை போகாது!"

உள்ளே போகுமுன் ஆட்டோவுக்குப் பின்னால் குந்தி, வலது முழங்கை வரை தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வார். கேட்டால், "வாதத்துக்குடா" என்பார். நானும் நம்பினேன்.

அவர் மகள் சரோஜா பெல்மதுளையில் ஒரு லோன்றியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாளே மருந்துத் தொட்டியின் அடியில் ஹோட்டல் விரிப்பு சிக்கிக்கொண்டது. மற்றப் பெண்கள் கம்பைத் தேட, இவள் சிரித்திருக்கிறாள்.

"பயப்படாதீங்கக்கா, எங்கப்பா தெனமும் கைய வுடுறாரு!"

இரண்டு கைகளையும் விட்டாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கைகளோடு அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஏம்ப்பா, ஒங்களுக்கு மட்டும் ஏன் சுடல?"

அந்த மனுஷன் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "எண்ணெ பூசிக்குவேம்மா."

அடுத்த வாரம் அதே லோன்றிக்கு ஆட்டோவை விடச் சொன்னார். நாசமாய்ப் போகிறவன், இன்னுமா விளம்பரம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஓட்டினேன். வாளியில் மருந்தைக் கொட்டினார். எண்ணெய் பூசவில்லை. வலது கையை விட்டவர் எடுக்கவே இல்லை.

முதலாளி பதறி எழுந்தார். "ஐயோ, எடுய்யா! பைத்தியமா ஒனக்கு?"

"இருங்க மொதலாளி, விளம்பரம் முடியல. இந்தப் புள்ளைகளுக்குக் கையுறை வாங்கித் தருவீங்களா, மாட்டீங்களா?"

"தர்றேன்யா, தர்றேன்!" என்று அவர் கத்திய பிறகுதான் கையை எடுத்தார். அந்தக் கையைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பனி அவரை விரட்டிவிட்டது. லோன்றிக் கொடியில் இப்போது ரப்பர் கையுறைகள் காய்கின்றன. சரோஜாவின் விரல்கள் மடங்குவதில்லை. கொழுந்து கிள்ள முடியாது, சீப்புப் பிடிக்கவும் முடியாது. அப்பாதான் இடது கையால் தலை சீவிவிடுகிறார். வகிடு றக்வான ரோட்டைப்போல வளைந்து வளைந்து போகும்.

"ப்பா, கோணலா இருக்குப்பா!"

"நேரோ நேரும்மா!" என்று பழைய தொண்டையில் அலறுவார்.

பச்சைப் பொய். அந்தப் பொய்யைக் கேட்கத்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த லயத்துக்குப் போகிறேன்.