முத்திரையற்ற விழிப்பு

துயில்நாட்டில் யாரும் தானாகக் கண் விழிப்பதில்லை. அந்தி மணி அடித்ததும் நாடே கட்டையாய்ச் சாய்ந்துவிடும். விடியலில் எழுப்பாளர் வந்து ஒவ்வொருவர் காதிலும் எழுப்புரை ஓதினால்தான் உடம்பு அசையும். கடல் கடந்து வந்த எழுப்பாளர் சங்கத்துக்கு அந்த உரிமையை அரசு மொத்தமாகக் கொடுத்திருந்தது. என்ன ஓதுகிறார்கள் என்று மக்களுக்குத் தெரியாது. ஓதி முடித்த பிறகுதானே காதே கேட்கும்!

அந்த நாட்டு ஆற்றில் பரிசல் ஓட்டியவர் சிங்கமுத்து. அவர் மனைவி தையல்நாயகி துறையில் நின்று ஆள் ஏற்றுவாள். அவள் கூப்பிட்டால் அக்கரையில் மாடு திரும்பிப் பார்க்கும். ஒரு நாள் அரண்மனை முரசு இப்படி அறிவித்தது:

"ஐம்பது வயதைக் கடந்த உடல்கள் பழைய மாதிரியைச் சேர்ந்தவை. அவற்றுக்கு இனி எழுப்புதல் சேவை கிடையாது. உறவினர் வருந்த வேண்டாம். புதிய கணவர், புதிய மனைவி வேண்டுவோர் சலுகை விலையில் விண்ணப்பிக்கலாம்."

சிங்கமுத்துவுக்கு அந்த வாரக் கடைசியில் ஐம்பது முடிகிறது. தையல்நாயகி பிரதான மந்திரி கம்பீரநாதரிடம் ஓடினாள்.

"அவருக்கு என்னங்கய்யா கொறச்சல்? வெள்ளத்துலயும் ஒத்தக் கையில துடுப்புப் போடுறாரு."

"குறை இருப்பதாக அரசு எங்கே சொன்னது? அவர் பழையவர் என்று மட்டுமே சொல்கிறது."

"அப்ப நானே எழுப்பிக்கிறேன். என்ன ஓதணும்னு சொல்லிக் குடுங்க."

"அது சங்கத்தின் ரகசியம், அம்மா. எனக்கே தெரியாது. தப்பாக ஓதினால் ஆள் கல்லாகிவிடுவார். உன் பாதுகாப்புக்காகத்தான் உன்னிடம் மறைக்கிறோம்."

அழுது ஓய்கிற ரகமில்லை அவள். ஆனால் வழியும் தெரியவில்லை. அன்று பார்த்துக் கடைவாய்ப் பல் வலி எடுத்தது. அந்தி மணி அடித்தும் தூக்கம் பிடிக்கவில்லை. பல்வலி வந்த உடனே அரண்மனை வைத்தியரிடம் இலவசமாகப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று ஏன் சட்டம் போட்டிருந்தார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

விடியலில் எழுப்பாளர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டே அவள் முழுவதையும் கேட்டாள். "மூச்சை இழு, விரலை அசை" என்று தொடங்கி, "கண்ணைத் திற" என்று முடிந்தது. இடையில்தான் சங்கதி. அரண்மனை எண்ணெய்தான் மணக்கும். பக்கத்து வீட்டுக்காரன் பேசியதை மறக்காமல் வந்து சொல். மன்னரை நினைத்தால் உன் கண் கலங்கும். அப்புறம் எந்த மொழியிலும் சேராத ஒரு நீண்ட முனகல். ஓதியவருக்கே அதன் பொருள் தெரியாது என்பது அவர் திக்கிய விதத்தில் தெரிந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இத்தன வருசமா என் மண்டைக்குள்ள இவனுங்களா குடித்தனம் நடத்துனாங்க?"

வாரக் கடைசி வரை பல்லை அவள் பிடுங்கவில்லை. வலியோடு விழித்துக் கிடந்தாள். எழுப்பாளர் சிங்கமுத்துவைத் தாண்டிப் போனதும் எழுந்து உட்கார்ந்து, இடையில் வந்ததையெல்லாம் விட்டுவிட்டு அவர் காதில் ஓதினாள். மூச்சு ஏறியது. விரல் அசைந்தது. கண் மட்டும் திறக்கவில்லை. மறுபடி ஓதினாள். திறக்கவில்லை. கல்லாகிவிட்டாரோ என்று அவர் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். அந்த முனகலையும் சேர்த்துவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பொருள் தெரியாத எதையும் இவர் காதில் போடமாட்டேன் என்று அதை விழுங்கிவிட்டு, தனக்குத் தெரிந்ததைக் கத்தினாள்.

"ஏங்க! ஆத்துல தண்ணி ஏறிடுச்சு, பரிசல் அவுந்து போவுது!"

சிங்கமுத்து வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். வாசல் வரை ஓடித் திரும்பி வந்து, "என்னமோ தெரியல புள்ள, மன்னர நெனச்சாலும் இன்னைக்குக் கண்ணு கலங்கல" என்றார். தையல்நாயகி அவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றே துறையில் நின்று எல்லோருக்கும் தன் எழுப்புரையைச் சொல்லிக்கொடுத்தாள். யாரும் கேட்கலாம், தங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றலாம், மாற்றியதை ஒளிக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. ஒரு வீட்டில் பசு கத்துவதைச் சேர்த்தார்கள். இன்னொரு வீட்டில் மாமியார் வந்துவிட்டதாகச் சொன்னார்கள், அது நன்றாகவே வேலை செய்தது.

அரசு சும்மா இருக்குமா? 'பாதுகாப்பான விடியல்' திட்டம் வந்தது. சங்கத்தின் முத்திரை இல்லாமல் விழித்தவர்கள் சட்டப்படி தூங்குபவர்களே. தூங்குபவருக்குக் கூலி கொடுப்பது குற்றம், அரிசி அளப்பது வீண், அவர் சொல்லும் புகார் வெறும் உளறல். சிங்கமுத்து நாள் முழுக்கத் துடுப்புப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். ஏறியவர்கள் மறைவாக மரவள்ளிக்கிழங்கு கொடுத்ததில் அடுப்பு எரிந்தது. தையல்நாயகி குரலைத் தாழ்த்தவில்லை.

பிறகு ஒரு காலை கம்பீரநாதர் தலைப்பாகை இல்லாமல் அவள் வீட்டு வாசலில் நின்றார். மன்னருக்கு அன்று ஐம்பது முடிந்திருந்தது. சட்டத்துக்கு விலக்கில்லை என்று எழுப்பாளர் அரச கட்டிலைத் தாண்டிப் போய்விட்டார். புதிய மாதிரி மன்னர் ஒருவர் கப்பலில் வந்துகொண்டிருப்பதாகச் சங்கம் மகிழ்ச்சியுடன் அறிவித்திருந்தது. மந்திரிக்கு அடுத்த மாதம் ஐம்பது.

"அம்மா, உன் முறைப்படி..." என்று இழுத்தார்.

"அது துறையில எல்லாருக்கும் சொன்னதுதாங்க. நீங்களே ஓதலாமே?"

"நான் தப்பாக ஓதி மன்னர் கல்லாகிவிட்டால்?"

அவள் போனாள். மன்னராக இருந்தாலும் தூங்குகிற மனுசன்தானே. ஓதினாள். கடைசியில், "எந்திரிங்க, ஒங்க நாற்காலியில வேற ஆளு ஒக்காரப் போறான்" என்றாள். மன்னர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

எழுத்தர் ஓலையோடு முன்னே வந்தார். தினமும் கண் விழித்ததும் மன்னருக்கு ஒரு சட்டம் தோன்றும், அதை எழுதிக்கொள்வது வழக்கம். மன்னர் யோசித்தார். விட்டத்தைப் பார்த்தார்.

"இன்று ஒன்றும் தோன்றவில்லையே" என்றார்.

"அப்ப அம்பது தாண்டுனவங்கள எழுப்பக் கூடாதுங்குற சட்டத்த எடுத்துடுங்க சாமி" என்றாள் தையல்நாயகி.

மன்னர் திகைத்து அவளைப் பார்த்தார். "அப்படி ஒரு சட்டமா? யார் போட்டது?"

எழுத்தர் ஓலையைக் கீழே வைத்தார். கம்பீரநாதர் மெல்ல நகர்ந்து தையல்நாயகியின் அருகில் வந்து, காதோடு கேட்டார்: "அம்மா, அடுத்த மாதம் வரை வேண்டாம், நாளைக்கே என்னையும் நீயே எழுப்பிவிடுகிறாயா?"