குறையற்ற வார்டு

எங்கள் தெரு டெய்லரம்மா நகர மன்றத் தேர்தலில் நிற்பதென்று முடிவு செய்ததற்குக் காரணம் பதவி ஆசை அல்ல; சாக்கடை. அது அவர் கடைவாசலில் பொங்கத் தொடங்கி நாலு வருடம் ஆகிறது. அதற்குள் பதினேழு புகார் எழுதிக் கொடுத்திருந்தார். பதினேழுக்கும் ‘தங்கள் கடிதம் கனிவுடன் பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. கூடவே சாக்கடையும் வந்தது. போன மாதம் ஒரு கல்யாணப் பெண்ணின் உடுப்பு, கடைசிப் பொத்தான் தைத்த கையோடு நழுவி அதில் விழுந்தது. பெண் அழுதாள். டெய்லரம்மா அழவில்லை.

“இனிமே எழுதிப் பிரயோஜனமில்லை. நானே உள்ளே இறங்கப் போறேன்” என்றார்.

வேன் ஓட்டும் அவர் கணவர் பதறிப்போனார். “சாக்கடைக்குள்ளயா?”

“மன்றத்துக்குள்ளங்க.”

கணவரின் பதற்றம் தணியவில்லை.

மனுவோடு போனபோது தேர்தல் அலுவலர் மரியாதையாக உட்காரச் சொன்னார். கணினியைத் தட்டினார். அவர் முகம் வாடியது.

“உங்க பேர்ல பதினேழு விவகாரம் நிலுவையில இருக்கேம்மா. மன்றத்தோட நிலுவை இருக்கறவங்க நிக்க முடியாது.”

“அது நான் வச்ச நிலுவை இல்லையே சார். நீங்க தீர்க்காம வச்சிருக்கறது.”

“யார் வச்சாலும் நிலுவை நிலுவைதான்.”

“அப்ப தீர்த்துடுங்க.”

“அதுக்கு உங்க வார்டு உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரணும்.”

“எங்க வார்டுக்குத்தான் உறுப்பினரே இல்லையே!”

“அதனாலதானே தேர்தல் நடத்தறோம்?” அலுவலர் குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார். “புகாரை வாபஸ் வாங்குங்க. ஜெயிச்சு வந்து தீர்மானம் போடுங்க. யார் தடுக்கப் போறா?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வாபஸ் படிவத்தை வாங்கிப் படித்தார். ‘மேற்படி சாக்கடை நன்னிலையில் உள்ளது. அதன் ஓட்டமும் மணமும் எனக்கு முழுத் திருப்தி அளிக்கின்றன.’ மணம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பதினேழு முறை கையெழுத்துப் போட்டார்.

முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும். வார்டில் அவரைத் தவிரப் புகார் எழுதியிருந்தவர்களும் சரியாகப் பத்துப் பேர்தான். அவர்களுக்கும் அதே விதி, அதே படிவம். டெய்லரம்மா வீடு வீடாக ஏறி இறங்கினார். மருந்துக்கடைக்காரர் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கையெழுத்திட்டார். டியூஷன் வாத்தியார் ‘திருப்தி’யில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். “உங்களை நம்பித்தான் போடறோம்” என்றார்கள் எல்லோரும்.

மனுப் பரிசீலனை அன்று அலுவலர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

“ஜெயிச்சுட்டேனா சார்?”

“அதுக்கும் மேலம்மா. உங்க வார்டுல இப்ப ஒரு புகார்கூட இல்லை. பதினாலாம் விதிப்படி அது குறையற்ற வார்டு. குறையற்ற வார்டுக்கு உறுப்பினர் எதுக்கு? தேர்தலை ரத்து பண்ணியாச்சு.”

டெய்லரம்மா கையை நீட்டினார். “ஒரு பேப்பர் குடுங்க. இப்பவே பதினெட்டாவது புகார் எழுதறேன்.”

“குறையற்ற வார்டுல ஏதும்மா குறை?” என்றார் அலுவலர், உண்மையான ஆச்சரியத்துடன்.

தெரு கொதித்தது. மறியல் செய்வதென்று தீர்மானமானது. ஆனால் மறியலுக்கு முந்தின நாள் போர்டு வந்து இறங்கியது. நீல போர்டு, சுற்றிலும் விளக்கு, நடுவில் ‘குறையற்ற வார்டு’. கொதித்தவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மருந்துக்கடைக்காரர் பெயர்ப்பலகையில் ‘குறையற்ற வார்டு’ என்று சேர்த்து எழுதினார். மறியலைப் பற்றி யாரும் பேசவில்லை.

போர்டு திறப்பு விழாவில்தான் ஒரு சிக்கல்: மூக்கைப் பிடித்துக்கொண்டு கைதட்ட முடியவில்லை. யாரும் கேட்காமலேயே டெய்லரம்மா வாசனைத் துணியில் முகமூடி தைத்து விற்றார். நாலு வருடத்தில் அவ்வளவு வியாபாரம் ஆனதில்லை. விழா முடிந்து வீடு திரும்பும்போதுதான், தானும் கைதட்டியது அவர் நினைவுக்கு வந்தது. அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மறுவாரம் பக்கத்து வார்டிலிருந்து நாலு பேர் கடைக்கு வந்தார்கள். நல்ல வார்டு, தண்ணீர் வரும், விளக்கு எரியும்.

“எங்களுக்கும் அந்தப் போர்டு வேணும்மா.”

“உங்களுக்குத்தான் குறையே இல்லையே?”

“அதான் குறை! புகாரை வாபஸ் வாங்கினாத்தான் போர்டாம். நாங்க புகாரே குடுத்ததில்லை. என்ன எழுதறதுன்னும் தெரியலை.”

டெய்லரம்மா தன் புகார் நகல்களில் நன்றாக எழுதப்பட்ட ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். “ஆனா பொய்ப் புகார் குடுக்கக்கூடாது. ஆய்வுக்கு வந்தாலும் வருவாங்க” என்றும் எச்சரித்தார்.

அவர்கள் நேர்மையானவர்கள். மறுநாள் காலையிலேயே மண்மூட்டைகளோடு வந்து, தங்கள் சாக்கடையைத் தாங்களே அடைக்க ஆரம்பித்தார்கள்.